விற்ற பைக்குக்கு வந்த போன்: பாளையங்கோட்டையில் ஒரு அபராத வழக்கு

2024 ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பாளையங்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சிக்கு ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. வண்டி நம்பரைச் சொல்லி, "நீங்கதான ஓனர்?" என்று கேட்டார்கள். இவர் யோசித்து வாயைத் திறப்பதற்குள், "உங்க பேரன் வண்டியோட இங்க நிக்கான். ஆர்.சி. புக்க எடுத்துக்கிட்டு வாங்க" என்று வந்துவிட்டது. அண்ணாச்சி சொன்ன பதில் எங்கள் தெருவில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது: "சார், எனக்கு ரெண்டும் பேத்தில்லா!"

பேரனும் கிடையாது, வண்டியும் கிடையாது. அந்த பைக்கை விற்று ஒன்றேகால் வருடம் ஆகியிருந்தது. ஆனால் போக்குவரத்துத் துறையின் கணினிப் பதிவில் வண்டி அவர் பெயரில்தான் இருந்தது. மோட்டார் வாகனச் சட்டம் 'உரிமையாளர்' என்று சொல்வது, வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரைத்தான். காசு வாங்கிவிட்டேன், சாவியைக் கொடுத்துவிட்டேன் என்பதெல்லாம் அதற்கு அப்புறம் வருகிற பேச்சு.

நான் வக்கீல் இல்லை. இருபது வருடத்துக்கு மேலாக இங்கே ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறேன். எட்டுப் போடச் சொல்லிக்கொடுப்பது, எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமத்துக்கு எழுத வைப்பது, பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் ஆளைக் கொண்டு நிறுத்துவது என் பிழைப்பு. இந்த விவகாரத்தில் முதல் நாளிலிருந்து கூடவே அலைந்தவன் என்பதால் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். ஆட்களை அடையாளம் தெரியாதபடி சில்லறை விவரங்களை மாற்றியிருக்கிறேன். பிரிவு எண்களில் கை வைக்கவில்லை.

வண்டி கைமாறிய வழி

2011 செப்டம்பரில் எடுத்த நூறு சிசி பைக், டி.என். 72 நம்பர். பன்னிரண்டு வருடம் நயினார்குளம் மார்க்கெட்டிலிருந்து காய்கறி மூட்டை சுமந்தது. மகன் ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்த பிறகு முற்றத்தில் நின்றுபோனது. "சீட்டுல கோழி முட்ட போட ஆரம்பிச்சிட்டு, இனி வச்சிருந்து என்னத்துக்கு" என்று 2023 மே மாதம் ஒரு புரோக்கரிடம் 14,000 ரூபாய்க்குக் கொடுத்தார். பதிமூன்றாயிரம் ஜிபேயில் வந்தது, ஆயிரம் கையில். ஆர்.சி. புக்கையும் சாவியையும் கொடுத்துவிட்டு, 29, 30 படிவங்களில் கையெழுத்தும் போட்டார். வாங்குபவர் பெயர் எழுதும் இடம் வெறுமையாக இருந்தது. "யாரு எடுக்காவளோ அவுக பேர அப்பொறமா எழுதிக்கிடுதோம் அண்ணாச்சி" என்றார் புரோக்கர். கை குலுக்கி, டீ குடித்து, முடிந்தது.

இந்த 'இருபத்தொன்பது முப்பது' இரண்டும் என்னவென்று கையெழுத்துப் போடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. 29-ஆம் படிவம், 'என் வண்டியை இன்னாருக்குக் கொடுத்துவிட்டேன்' என்று விற்றவர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குச் சொல்லும் தகவல். 30-ஆம் படிவம், பெயர் மாற்றித் தரச் சொல்லும் விண்ணப்பம். சட்டத்தின் 50-ஆம் பிரிவு இதற்குக் கெடு வைத்திருக்கிறது: ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளில் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளில். அதாவது தகவல் சொல்லும் முதல் கடமை விற்றவருடையது. நம் ஊர் வழக்கமோ தலைகீழ். விற்றவர் கையெழுத்தை மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு, தகவல் சொல்லும் வேலையை வாங்கியவர் தலையில் கட்டிவிடுகிறார். தேதி போடாத செக்கைப் போல அந்தக் காகிதம் ஊர் சுற்றுகிறது.

புரோக்கருக்கு அதில் ஆதாயம் இருக்கிறது. தன் பெயருக்கு ஒருமுறை மாற்றினால் ஆர்.சி.யில் ஓனர் எண்ணிக்கை ஒன்று கூடும், விலை இறங்கும், கட்டணமும் கைக்காசு. அதனால் முதல் ஓனரின் கையெழுத்தோடே மூன்று கை, நான்கு கை மாறும். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வாங்கி விற்பவர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும் என்று மத்திய விதி வந்திருக்கிறது. அப்படிப்பட்டவரிடம் வண்டியை ஒப்படைத்து அந்தத் தகவலையும் பதிந்துவிட்டால், அடுத்த ஆள் கிடைக்கும்வரை அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். அருமையான விதி. பஞ்சர் கடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நம் புரோக்கரிடம் அந்தச் சான்று பற்றிக் கேட்டபோது, ஏதோ வெளிநாட்டு விசா கேட்டதுபோலப் பார்த்தார்.

ஸ்டேஷனில்

குறுக்குத்துறையில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு மூன்று பையன்கள் ஒரே வண்டியில் சுலோச்சன முதலியார் பாலத்தைக் கடந்து வந்திருக்கிறார்கள். கொக்கிரகுளம் பக்கத்தில் வாகனச் சோதனை. ஓட்டியவனுக்கு வயது பதினாறு, பிளஸ் ஒன் படிக்கிறான். ஹெல்மெட் இல்லை, லைசென்ஸ் இருக்க வழியில்லை, இன்சூரன்ஸ் 2023 டிசம்பரிலேயே முடிந்துபோயிருந்தது. பையன் பயத்தில் அப்பா நம்பரைத் தப்பாகச் சொல்லியிருக்கிறான். பதிவில் இருந்த பெயரைப் பிடித்துக் கடைக்குப் போன் போட்டிருக்கிறார்கள்.

அண்ணாச்சி என்னையும் கூட்டிக்கொண்டுதான் போனார். வழியில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம், அரசின் இ-சலான் (அபராதச் சீட்டு) தளத்தில் வண்டி நம்பரைத் தட்டிப் பார்த்தது. மூன்று சலான் நிலுவையில் இருந்தன. 2023 ஜூலையில் ஹெல்மெட் இல்லாமல் போனதற்கு 1,000 ரூபாய். 2024 ஜனவரியில் தச்சநல்லூர் பக்கம், அதே குற்றம், அதே 1,000. ஏப்ரலில் ஹெல்மெட் 1,000, இன்சூரன்ஸ் இல்லாததற்கு 2,000. ஆக 5,000. ஒன்றுக்குக்கூட அண்ணாச்சிக்குக் குறுஞ்செய்தி வரவில்லை. வண்டிப் பதிவில் இருந்தது அவருடைய பழைய போன் நம்பர். அந்த சிம் கார்டை அவர் எப்போதோ தொலைத்துவிட்டார்.

இங்கே ஒரு கிளைக்கதை. அதற்கு முந்தின வாரம்தான் அவர் வாட்ஸ்அப்பில் 'ஆர்.டி.ஓ. சலான்' என்ற பெயரில் ஒரு ஏ.பி.கே. கோப்பு (போனில் செயலியை ஏற்றும் கோப்பு) வந்திருந்தது. தொட்டிருந்தால் போனையே பிடித்துக்கொண்டு பேங்க் கணக்கைத் துடைத்திருப்பார்கள். மருமகள் தடுத்துவிட்டாள். நிஜமான சலான் அவருக்கு வரவேயில்லை, பொய்ச் சலான் கதவைத் தட்டியது. இணைப்பைத் தொட்டுப் பார்க்காமல், அரசுத் தளத்துக்கு நாமே போய் நம்பரைப் போட்டுப் பார்ப்பதுதான் வழி. பணம் பறிபோனால் 1930-க்கு உடனே அடிக்க வேண்டும்.

ஸ்டேஷனில் முதல் அரை மணி நேரம் அண்ணாச்சி தனக்குத் தெரிந்த பெரிய மனிதர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் செய்வதுதான். அது ஒரு பயனும் தராது என்பதோடு, எதிரே இருப்பவரின் பேனாவைக் கெட்டியாக்கிவிடும். அன்று எங்களுக்கு வாய்த்த அதிகாரி பொறுமைக்காரர். "வித்ததுக்கு பேப்பர் இருக்கா அண்ணாச்சி? அதச் சொல்லுங்க மொதல்ல" என்றார்.

பேப்பர் இல்லை.

சீட்டில் இருந்த எண்கள்

அபராதம் என்றதும் நாம் தொகையைத்தான் பார்க்கிறோம். அன்று ஸ்டேஷனில் பையன் ஓட்டியதற்கு எழுதிய சீட்டை நான் பிரிவு எண் வாரியாகப் படித்தேன். படிக்கப் படிக்க வயிற்றைப் பிசைந்தது.

2019 செப்டம்பர் 1-இல் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்து தண்டனைகள் பல மடங்கானது. தமிழ்நாட்டில் அந்த உயர்ந்த தொகைகளை வசூலிக்க ஆரம்பித்தது 2022 அக்டோபரில். அதற்கு முன் ஹெல்மெட்டுக்கு நூறு ரூபாய் கட்டிப் பழகியவர்கள் நாம், அதனால் ஆயிரம்தான் பேச்சாகிவிட்டது. அந்த 194-டி பிரிவின் அடுத்த பாதியை யாரும் படிப்பதில்லை: மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு. மூன்று பேர் ஏறிப்போவதற்கான 194-சி பிரிவிலும் அதே ஆயிரம், அதே மூன்று மாதம். என் பள்ளிக்கு வருகிற ஓட்டுநர்களிடம் இதைச் சொன்னால், "அதெல்லாம் யாரு சார் செய்தாவ" என்கிறார்கள். செய்யாதவரை சரிதான். பேட்ஜ் போட்டு வேன் ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு மூன்று மாதம் என்பது ஆயிரம் ரூபாய் இல்லை.

ஒரே சீட்டில் இருந்தாலும் எல்லாப் பிரிவும் ஒரே ஆளைப் பார்ப்பதில்லை. ஹெல்மெட்டும் மூன்று பேரும் ஓட்டியவன் தலையில், ஓட்ட விட்டவர் தலையிலும் வரலாம். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது, பிரிவு 181, 5,000 ரூபாய், இது ஓட்டியவனுக்கு மட்டும். லைசென்ஸ் இல்லாதவனிடம் வண்டியைக் கொடுத்தால் பிரிவு 180, இன்னொரு 5,000, இது வண்டியை வைத்திருப்பவருக்கு. இன்சூரன்ஸ் இல்லாதது, பிரிவு 196, ஓட்டியவரையும் பிடிக்கும், ஓட்ட விட்டவரையும் பிடிக்கும். இதில் சிலவற்றை அபராதம் கட்டி அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அதற்கு இணக்கத் தீர்வு என்று பெயர், 200-ஆம் பிரிவு. கட்டினால் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. குடித்துவிட்டு ஓட்டுவது போன்றவற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

கடைசி வரியில் இருந்தது 199-ஏ. பதினெட்டு வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், அவருடைய காப்பாளரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று வருடம் வரை சிறை, அதோடு 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதம் ரத்து. ஓட்டிய பையனுக்கு 25 வயது வரை எல்.எல்.ஆர்.கூடக் கிடையாது. 'எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான்' என்றால் அதை நிரூபிக்க வேண்டியது நம் பொறுப்பு. சம்மதத்தோடுதான் ஓட்டினான் என்று கோர்ட் அனுமானித்துக்கொண்டே தொடங்கும்.

காப்பாளரோ உரிமையாளரோ. பதிவின்படி உரிமையாளர் யார்? அறுபதை நெருங்கும், சர்க்கரை வியாதி உள்ள, எதிரே பெஞ்சில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணாச்சி.

இதைவிட மோசமானதும் நடந்திருக்கலாம். அந்த மூன்று பையன்கள் பாலத்தில் யாரையாவது இடித்திருந்தால்? 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில் கார் அடுத்தடுத்து கை மாறியிருந்தது, பெயர் மட்டும் மாறவில்லை. விபத்துக்கான இழப்பீட்டைப் பதிவில் பெயருள்ளவரே தர வேண்டும் என்று தீர்ப்பானது. நம் பைக்குக்கு இன்சூரன்சும் இல்லை. ஓர் உயிர் போயிருந்தால் பலசரக்குக் கடை போயிருக்கும்.

ஆதாரம் தேடிய நாட்கள்

மறுநாள் எனக்குத் தெரிந்த வக்கீல் தம்பியிடம் போனோம். அவர் எடுத்த உடனே இரண்டு வேலை சொன்னார். ஒன்று, ஸ்டேஷனுக்கு எழுத்தில் பதில். 133-ஆம் பிரிவின்படி, வண்டியை ஓட்டியது யார் என்று காவல்துறை கேட்டால் தெரிந்ததையும், விசாரித்துத் தெரிந்துகொள்ளக் கூடியதையும் உரிமையாளர் சொல்லியாக வேண்டும். 'எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை' என்று கடையில் உட்கார்ந்திருந்தால் அதுவே எதிராகத் திரும்பும். இரண்டு, விற்ற தேதியைக் காட்ட எது கிடைத்தாலும் கொண்டுவரச் சொன்னார்.

ஜிபே காப்பாற்றியது. பதிமூன்றாயிரம் வந்த தேதி, யாரிடமிருந்து வந்தது என்ற விவரம், பேங்க் பாஸ்புக்கில் அதே வரி. பழைய காலம்போல முழுதும் கையில் வாங்கியிருந்தால் பேச்சே இல்லை. மருமகளின் போனில் ஒரு படமும் கிடைத்தது: கையெழுத்துப் போட்ட 29-ஆம் படிவம். கூகுள் போட்டோஸில் படம் எடுத்த தேதியோடு இருந்தது. வாங்குபவர் பெயர் எழுதும் இடம் வெள்ளையாக. அண்ணாச்சியின் நல்லெண்ணத்துக்கும் அசட்டுத்தனத்துக்கும் ஒரே சாட்சி அது.

அந்தப் படிவம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். என் மேசை டிராயரிலிருந்துதான். 2023 மே மாதம் அண்ணாச்சி ஒரு பையனை அனுப்பி, "சார்ட்ட இருபத்தொம்பது முப்பது ரெண்டு செட் வாங்கியா" என்றார். கொடுத்தேன். யாருக்கு, எப்போது, வாங்குகிறவர் யார் என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பள்ளிக்கு வருகிற பலரும் அப்படி வாங்கிப் போவதுண்டு. ஸ்டேஷன் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு இது ஞாபகம் வந்தது. அவரிடம் சொல்ல இரண்டு வாரம் ஆனது.

அடுத்தது சலான்களில் இருந்த படங்கள். இ-சலானோடு படம் இருந்தால் அதை இறக்கிப் பார்க்காமல் யாரும் காசு கட்டக் கூடாது என்பேன். நம்பர் பிளேட் தெளிவாக இருக்கிறதா, இடமும் நேரமும் சரியா, வண்டி நம் வண்டிதானா. போலி நம்பர் மாட்டிய வண்டிக்காகப் பணம் கட்டியவர்கள் உண்டு. கேமரா தானாகப் பிடிக்கும் குற்றங்களுக்கு, படமும் இடமும் நேரமும் மீறிய பிரிவும் குறித்து 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று மத்திய விதி 167-ஏ சொல்கிறது.

2023 ஜூலைப் படத்தில் ஒல்லியான ஒரு வாலிபன். ஓட்டியது அண்ணாச்சி இல்லை என்று நிரூபிக்க அவர் வயிறு ஒன்றே போதும். புரோக்கரின் மெக்கானிக் பையன் அது என்று தெருவே சொன்னது. புரோக்கர் முதலில் மழுப்பினார். ஜிபே ரசீதையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும், "சரி விடுங்க அண்ணாச்சி, ஆயிரந்தான" என்று அங்கேயே கட்டினார். வண்டியை 2023 செப்டம்பரில் யாருக்குக் கொடுத்தார் என்ற விவரமும் அப்போதுதான் வந்தது.

மூன்றாவது, ஏப்ரல் படம். வண்டி நிற்காமல் போகும்போது எடுத்தது. ஓட்டுவது அந்தப் பதினாறு வயதுப் பையன். பின்னால் சாந்துச் சட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவனுடைய அப்பா.

அப்பா

கொத்தனார். கங்கைகொண்டான் பக்கம் வேலைக்குப் போய்வர 19,000 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார். மனைவி பீடி சுற்றுகிறார். நாங்கள் போன அன்று முறத்தில் இலையும் தூளும் அப்படியே கிடக்க, எழுந்து நின்றுவிட்டார். அண்ணாச்சி திட்டுவதற்கென்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்தார். வாசலில் அது அத்தனையும் தீர்ந்துபோனது.

"பேரு மாத்த மூவாயிரம் ஆவும்னாரு புரோக்கரு. அடுத்த வாரம் பாப்போம், அடுத்த வாரம் பாப்போம்னு போயிட்டு அண்ணாச்சி. பேப்பர்ல நீங்க கையெழுத்து போட்டிருந்தியள்லா, அதான் ஒண்ணும் ஆவாதுன்னு இருந்துட்டேன்."

அவர் சொன்னதில் தந்திரம் இல்லை. வாங்கியவருக்கு அந்தக் கையெழுத்து தைரியம் கொடுத்திருக்கிறது, விற்றவருக்கும் அதே கையெழுத்துதான் தைரியம் கொடுத்திருக்கிறது. இரண்டு பேரும் ஒரு வெற்றுக் காகிதத்தை நம்பி நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்கள்.

"நான் தூங்கும்போது ஆணியில கெடந்த சாவிய எடுத்துட்டுப் போயிட்டான்" என்பது ஞாயிற்றுக்கிழமைக்கு அவர் சொன்ன விளக்கம். உண்மையாகவே இருக்கலாம். 199-ஏ பிரிவில் அதற்கு இடமும் உண்டு, தெரியாமல் நடந்தது என்று நிரூபித்தால் தப்பலாம். வக்கீல் தம்பி ஏப்ரல் படத்தைக் காட்டினார். பின்னால் உட்கார்ந்து வந்தவர், பையன் வண்டி ஓட்டுவான் என்பதே தெரியாது என்று எந்த வாயால் சொல்வார்? அண்ணாச்சியைக் காப்பாற்றிய அதே படங்கள்தான் இவரை மாட்டிவிட்டன.

வண்டியை வாங்கியதையும், பையன் தன் மகன் என்பதையும் அவர் எழுத்தில் கொடுத்தார். அதோடு அண்ணாச்சியின் பதில், ஜிபே ரசீது, பாஸ்புக் நகல் எல்லாம் சேர்ந்து, குற்றப்பத்திரிகையில் காப்பாளர் பெயர்தான் போனது. கொத்தனார் எழுதிக் கொடுத்திருக்காவிட்டால் கதை வேறு. எழுதாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று நான் வக்கீலிடம் கேட்டேன். "அண்ணாச்சி கூண்டுல ஏறி நின்னு ஜிபே ரசீத நீட்டியிருப்பாரு, ஒரு வருசம்" என்றார்.

கோர்ட்டும் மிச்சமும்

தீபாவளி கழித்து மூன்றாவது வாரம், பாளையங்கோட்டைக் கோர்ட் வளாகம். பையனுடைய பங்கு தனியாக இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போயிருந்தது. அங்கே எச்சரித்து, புத்தி சொல்லி அனுப்பினார்கள். நடுவர் முன் அப்பா குற்றத்தை ஒப்புக்கொண்டார். கோர்ட் கலையும்வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். கோர்ட் கலையும்வரை சிறை என்றால் கம்பி எண்ணுவதில்லை. சாயங்காலம் கோர்ட் முடியும்வரை அந்த அறையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் சாந்துக் கறை படிந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு, யார் பெயரைக் கூப்பிட்டாலும் எழுந்து நின்று உட்கார்ந்துகொண்டிருந்தார். மத்தியானம் சாப்பிடப் போகலாமா என்றுகூடக் கேட்கவில்லை.

பணம் மனைவியின் மகளிர் குழுக் கடனிலிருந்து வந்தது. வண்டியின் விலை பத்தொன்பதாயிரம், அபராதம் இருபத்தைந்தாயிரம். சட்டத்தின் நோக்கம் எனக்குப் புரிகிறது, பயிற்சிப் பள்ளி நடத்துகிறவன் அதை எதிர்த்துப் பேச முடியாது. பதினாறு வயதில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் வித்தியாசம் தெரிந்தால் போதும் என்று நினைக்கும் பையன்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். ஆனாலும் காரில் வரும் அப்பாவுக்கும் கொத்தனாருக்கும் அதே தொகை என்பது, அந்த பெஞ்சைப் பார்த்தவனுக்குத் தொண்டையில் நிற்கும்.

பழைய சலான்களில் ஜனவரி ஆயிரமும் ஏப்ரல் ஹெல்மெட் ஆயிரமும் கொத்தனார் கட்டினார். ஏப்ரல் இன்சூரன்ஸ் 2,000 மிச்சம். "அத நா கட்டுதேன் வே. கையெழுத்து போட்டது நாந்தான" என்று அண்ணாச்சி கட்டிவிட்டார். தாமதமாக, வாங்கியவர் பெயரை முழுதாக எழுதிய 29-ஆம் படிவத்தை ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுத்து முத்திரை வாங்கினோம். ஒரு நகல் கொத்தனாருக்குப் பதிவுத் தபாலில் போனது. எதிர்த்த தெருவில் இருப்பவருக்குத் தபாலா என்று அண்ணாச்சி சிரித்தார். ஒப்புகை அட்டையை மட்டும் பத்திரமாகக் கல்லாவில் வைத்துக்கொண்டார்.

வண்டியை எடுக்க வேண்டுமென்றால் பதிவில் பெயருள்ளவர்தான் வர வேண்டும் என்றார்கள். அண்ணாச்சி போக மறுத்துவிட்டார். 2025 தை மாதம் பதிவு ரத்து உத்தரவு வந்தது. பன்னிரண்டு மாதம் முடியும்போது, வண்டியின் பதினைந்து வருடப் பதிவுக்காலமும் முடிய எட்டு மாதம்தான் மிச்சமிருக்கும். மறுபடி பதிவு, பசுமை வரி, பெயர் மாற்றம் என்று அதற்கு மேல் செலவு செய்ய யாருக்கும் மனசில்லை. இப்போது என் மேசையில் 29, 30 கேட்டு வருகிறவர்களிடம், வாங்குகிறவரையும் கூட்டி வரச் சொல்கிறேன். பாதிப் பேர் அடுத்த தெரு ஜெராக்ஸ் கடைக்குப் போய்விடுகிறார்கள்.

பங்குனியில் அந்தப் பையன் என் பள்ளி வாசலில் வந்து நின்றான். பதினெட்டு ஆனதும் எல்.எல்.ஆர். போட முடியுமா என்று கேட்டான். தாய்மாமன் குவைத்தில் ஹெவி வண்டி ஓட்டுகிறார், இவனையும் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். ஆதார் அட்டையை நீட்டினான். பிறந்த வருடம் 2008. நான் கணக்குப் போடும் முன்னால் அவனே போட்டுவிட்டான்.

"2033-ஆ சார்?"

ஆமாம் என்றேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பயிற்சிக் காரின் ஸ்டியரிங்கைக் கண்ணாடி வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சைக்கிளை மிதித்துக்கொண்டு சமாதானபுரம் பக்கம் போனான். ஆயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் அத்தனை பேர் அத்தனை நாள் வாதாடியிருக்கிறோம். இந்த ஒன்பது வருடத்தைப் பற்றி அந்த ஸ்டேஷனிலோ கோர்ட்டிலோ எங்கள் யார் வாயிலும் ஒரு பேச்சு வரவில்லை.

இதை எழுத உட்காரும் முன்பு இன்று காலையும் வண்டி நம்பரைத் தட்டிப் பார்த்தேன். ஸ்டேஷன் வளாகத்து வேப்பமரத்தடியில், டயர் இரண்டும் மண்ணில் அமுங்கி அது நிற்கிறது. திரையில் உரிமையாளர் பெயரை எழுத்துக்கு எழுத்து நட்சத்திரம் போட்டு மறைத்திருக்கிறார்கள். மறைக்காமல் விட்ட எழுத்துகளை வைத்து நம் தெருக்காரர்கள் யாரும் சொல்லிவிடுவார்கள், அது அண்ணாச்சி பெயர்தான்.